ஃபவுலுக்கு நாலு பக்கம்

சட்டை நுனியால் பந்தை நகர்த்தித்தான் ஜெயித்தான் என்று ஸ்நூக்கர் பத்திரிகையில் வந்த மறுநாளே, கிளப்பில் தணிகோடியை மேஜைப் பக்கம் விடவில்லை. மூட்டை தூக்கிய அழுக்கோடு அவன் நேரே பத்திரிகை ஆபீசுக்குள் நுழைந்தான்.

“யோவ், நான் பந்தைத் தொட்டதை நீ பார்த்தியா?”

ஆசிரியர் ஞானதுரை எழுந்து நின்றார். “பாக்கலப்பா. எவனோ சொன்னதை நம்பி எழுதிட்டேன். இப்பத்தான் நடுவரை விசாரிச்சேன், பொய்யாம். ஃபவுல் பண்ணா எதிராளிக்கு எத்தனை பாயிண்ட்?”

“குறைஞ்சது நாலு. அதுக்கென்ன இப்ப?”

“அடுத்த இதழ்ல நாலு பக்கம் உன்னுது. என்னைத் திட்டியே ரொப்பு. ஒரு எழுத்து மாத்தமாட்டேன்.”

பத்திரிகையே எட்டுப் பக்கம்தான். விளம்பரம் பிடிக்கும் ஆரோக்கியம் தலையில் அடித்துக்கொண்டார். “ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்த மனுஷன் இப்படித்தான். தப்புக்குத் தப்பு நாலு பக்கம். பத்திரிகை எங்கேர்ந்து உருப்படும்?”

அடிக்க வந்த வேகம் எங்கே போனதென்று தணிகோடிக்குத் தெரியவில்லை. பேனாவை வாங்கி, ‘நான் தொடல’ என்று எழுதினான். அதற்குமேல் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

“அப்ப மிச்சத்துல விளம்பரம் போட்டுக்கலாம்ல சார்?”

“அது அவன் இடம்யா. கை வைக்காதே.”

இதழ் வந்த அன்று தணிகோடி கிளப் வாசலில் வந்து நின்றான். மேனேஜர் அந்த ஒரு வரியைப் படித்தார். வெறும் வெள்ளையாகக் கிடந்த மிச்சப் பக்கங்களையும் நிறைய எழுதியிருப்பதுபோல நிதானமாகப் புரட்டினார். பிறகு தணிகோடி வழக்கமாக ஆடும் மூலை மேஜைக்குப் போய், அதைப் போர்த்தியிருந்த துணியைத் தன் கையாலேயே உருவினார்.

தணிகோடி இன்னும் வாசலில்தான் நின்றான்.