சிமியோனின் இடது கால்

சிமியோனின் பாதத்துப் புண் மாதக்கணக்காக ஆறவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே வந்த ஜெரிசன் குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"குளிர்ந்துபோய்க் கிடக்கு அண்ணை. ஆனால் தப்பும்."

"வெட்டச் சொல்லிப்போட்டன்," என்றார் சிமியோன். "ரத்தக்குழாய்க்குள்ளை கம்பி விட்டு, பலூன் ஊதுறதாம். என்ன, கோயில் பெருநாளோ?"

"பெருநாள்தான். அடைப்பு விரிஞ்சு ரத்தம் ஓடினால் புண் ஆறும்."

"எங்கடை மரியசீலன் மிதிவெடியிலை கால் போய், செயற்கைக் காலோடை இண்டைக்கும் கடலுக்குப் போறான். எனக்கு மட்டும் ஏலாதோ?"

"அண்டைக்கு அவருக்கு வேறை வழி இருக்கேல்லை. உங்களுக்கு இருக்கு."

"டொக்டர்மார் எல்லாருக்கும் ஒரே பாட்டு!"

"நான் டொக்டர் இல்லை."

சிமியோன் மனைவியைப் பார்த்தார்.

"நீங்கள்தானே வெட்ட முந்தியே அளவெடுக்க ஆளைக் கூப்பிடச் சொன்னனீங்கள்," என்றாள் மேர்சி.

"மரியசீலன்ரை காலைச் செய்தது நான்தான்," என்றார் ஜெரிசன். "நல்ல கால். ஆனால் உங்கடை இந்தக் காலைப் போலை ஒண்டு என்னாலை செய்யேலாது."

சிமியோன் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேர்சி, டொக்டரைக் கூப்பிடு."