கொலையாளி யாரென்று அவருக்குத்தான் தெரியும்

வீட்டைத் தலைகீழாகப் புரட்டியாகிவிட்டது. கொலையாளியின் பெயர் எங்கும் இல்லை.

"நாளைக்கு அச்சுக்குப் போகணும்மா. கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி" என்றார் பத்திரிகை ஆசிரியர், போனில் தயங்கித் தயங்கி. என் கணவர் இறந்து இருபது நாள்தான் ஆகிறது என்று அவருக்கும் தெரியும்.

தொடர்கதையின் மேல் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் நாங்கள் இரண்டு பேர். கதையை அவர் கட்டுவார், நான் எழுதுவேன். இருபத்திரண்டு வருடத்தில் பதினான்கு துப்பறியும் தொடர்கள்.

கொலையாளி யாரென்று மட்டும் கடைசி வாரம் வரை மூச்சு விடமாட்டார். தெரிந்தால் என் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடுமாம். ஓட்டைவாய் என்பதை இவ்வளவு நாசூக்காகச் சொல்ல அவரால்தான் முடியும்.

மில் முதலாளியைக் கொன்றது யாரென்று தெரியாமலே பதினோரு அத்தியாயம் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்டால் பதில் வராத வீடு. அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம்தான் வருகிறது. பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் அப்படியென்ன ரகசியம்?

மதியம், அவர் சட்டைகளுக்கு அடியில் ஒரு பாக்கெட் நோட்டு கிடைத்தது.

ஒவ்வொரு தொடருக்கும் ஒரு பக்கம். சந்தேகத்துக்குரிய ஆட்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவராகக் கோடு போட்டிருக்கிறார், பக்கத்தில் தேதியோடு. கோடு விழாமல் மிஞ்சியவர்தான் எல்லாத் தொடரிலும் கொலையாளி.

கடைசிப் பக்கத்தில் மருமகன், டிரைவர், மேனேஜர் எல்லோர் மேலும் கோடு. கீழே அவர் கையெழுத்து: 'இன்றைக்கு என் வீட்டுக்காரி தோட்டக்காரன் என்கிறாள். அவனும் போனான். மிச்சம் டாக்டர், முதலாளியின் தங்கை. வீட்டுக்காரியை இன்னொரு தடவை கேட்க வேண்டும்.'

டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்பார், யார் மேல் சந்தேகமென்று. நான் ஒரு ஆளைச் சொல்வேன். தப்பு என்று சிரிப்பார்.

நான் யாரைச் சந்தேகப்படவில்லையோ, அவர்தான் கொலையாளி. மனிதருக்கு ஒரு தொடரிலும் முடிவு தெரிந்திருக்கவில்லை.

எனக்கு மூன்றாம் அத்தியாயத்திலிருந்தே டாக்டர் மேல்தான் சந்தேகம். கடைசி வாரம் சொல்லி அவர் மூக்கை உடைக்கலாம் என்று வாயை அடக்கி வைத்திருந்தேன்.

"டாக்டர்தாங்க" என்றேன், சத்தமாகவே.

தப்பு என்று சொல்ல ஆளில்லை. பேனாவை எடுத்து, டாக்டர் மேல் நானே கோடு போட்டேன்.