பெண் வீட்டார் ஆட்டம்

“தோத்துப்போறதுக்கு ஒரு நல்ல ஓப்பனிங் சொல்லிக் குடுங்க சார்” என்றார் அருணகிரி.

தேரடித் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் சம்பந்தமூர்த்தி, தட்டச்சுச் சத்தத்தில் தன் காதுதான் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தார். திருவண்ணாமலையில் செஸ் புத்தகம் வைத்துக்கொண்டு ஆடுகிற ஒரே ஆசாமி அவர்.

“ஜெயிக்கறதுக்குங்களா?”

“தோக்கறதுக்கு.”

விஷயம் இதுதான். அருணகிரியின் மகள் வேதாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் ஒரு வரன். பையன் பேங்க்கில் வேலை. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போன பெண்ணுக்கு இது தெய்வமாகப் பார்த்துக் கொண்டுவந்த இடம். பையனின் அப்பா, நிலக்கடலை வியாபாரி ‘மல்லாட்டை மண்டி’ சக்கரவர்த்தி மட்டும்தான் கொஞ்சம் சிக்கல். பெண் பார்க்கப் போகிற வீட்டில் ஒரு ஆட்டம் செஸ் ஆடாமல் எழுந்திருக்க மாட்டாராம். தோற்ற சரித்திரமே கிடையாதாம்.

“ஜெயிச்சுத் தொலைச்சுடாதீங்க” என்று தரகர் வேணு எச்சரித்திருந்தார். “ஆரணியில ஒருத்தரு டிரா பண்ணாரு. அவரு பொண்ணு இன்னும் வீட்டுலதான் இருக்குது.”

சம்பந்தமூர்த்தி சிரித்தார். “உங்களுக்குக் காய் நகர்த்தறதே போன வாரம்தான் தெரியும். தானா தோத்துடுவீங்க. இதுக்குப் படிப்பு வேறயா?”

“நாலு மூவ்ல தோத்தா மரியாதை இல்லைங்களே. இவனுக்கே ஒண்ணும் தெரியலை, இவன் பொண்ணுக்கு இன்னா தெரியப் போவுதும்பாங்க. போராடித் தோக்கணும் சார்.”

“சரி. உங்களுக்கு வெள்ளையா, கறுப்பா?”

“மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறுப்பைக் குடுக்க முடியுங்களா?”

அதுவும் நியாயம்தான். சம்பந்தமூர்த்தி புத்தகத்தைப் புரட்டினார்.

“சிசிலியன் ஓப்பனிங் வேணாம். எதிராளி அசந்தா ஜெயிச்சுடும்.”

“ஐயோ, வேணாம்.”

“ஃபிரெஞ்சு இழுக்கும். நீங்க தோக்கறதுக்குள்ள ராகு காலம் வந்துடும்.”

“கம்மியா ஒண்ணு இல்லீங்களா?”

“பிலிடார்னு ஒண்ணு இருக்கு. எல்லாக் காயும் பின்னாடியே நெருக்கிக்கிட்டு நிக்கும். தலையே நிமிராது. அடுத்தவன் வந்து அடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கிட்டே இருக்கலாம். ரொம்ப கௌரவமான தோல்வி.”

“அதான் சார் வேணும்! பெண்ணைப் பெத்தவங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே.”

தினமும் ஆபீஸ் விட்டதும் அருணகிரி பிலிடார் படித்தார். வீட்டிலும் பலகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஃபெயிலாகறதுக்கு டியூஷன் வெச்ச முதல் ஆளு நீங்கதாம்ப்பா” என்றாள் வேதா.

“வாயை மூடுடி” என்றாள் அவள் அம்மா சரோஜா. “உனக்காகத்தான் அந்த மனுஷன் தோக்கறாரு.”

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று, வேதா வந்து நமஸ்காரம் பண்ணியும் ஆயிற்று. பையன் முகத்தில் சம்மதம் தெரிந்தது. அவன் அம்மா ஆதிலட்சுமி முகத்தில்தான் எதுவும் தெரியவில்லை. கேசரியைத் தொடாமல், குற்றம் கண்டுபிடிக்கவே வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இந்த அம்மாளிடம் என் பொண்ணு என்ன பாடு படப் போகிறதோ என்று அருணகிரிக்குக் கவலை வந்தது.

“ஒரு ஆட்டம் போடலாங்களா?” என்றார் சக்கரவர்த்தி, அனுமதி கேட்கிற தோரணையில் உத்தரவாக.

பலகை வந்தது. அருணகிரி பாடம் பிசகாமல் பிலிடாரில் ஒடுங்கி உட்கார்ந்தார். அடி விழட்டும் என்று காத்திருந்தார்.

விழவில்லை. சக்கரவர்த்தி ஒரு குதிரையைச் சும்மா கொடுத்தார். பிறகு ஒரு யானையை. அருணகிரி இரண்டையும் பார்க்காதவர் போல் ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். தோற்க வேண்டுமானாலும் எதிராளிக்குக் கொஞ்சம் ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சம்பந்தமூர்த்தி சொல்லித் தரவில்லை.

“நல்லாத்தான் ஆடறீங்க. ஆனா தைரியம் கம்மி” என்ற சக்கரவர்த்தி, ராணியைத் தூக்கி அருணகிரியின் சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் கம்பீரமாக வைத்தார்.

சின்னக் குழந்தைகூட எடுத்துவிடும். அருணகிரியின் விரல் சிப்பாய் வரைக்கும் போய்த் திரும்பியது. கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சொல்வதற்கா ஒரு மனுஷன் இத்தனை நாள் படித்தான்? உள்ளறைக் கதவருகே நின்ற வேதாவை அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

“யோசிங்க, யோசிங்க” என்றார் சக்கரவர்த்தி. “எங்கிட்ட மாட்டினவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் யோசிப்பாங்க.”

அருணகிரி இன்னொரு ஓரத்துச் சிப்பாயைத் தொடப் போனார்.

“அதை வுடுங்கண்ணே.”

அதுவரை வாய் திறக்காத ஆதிலட்சுமிதான் பேசினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீ சும்மா இரு. ஆட்டத்தைப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?” என்றார் சக்கரவர்த்தி.

அவள் புருஷனைப் பார்க்கவே இல்லை.

“ராணியை எடுங்கண்ணே. என்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு எங்கப்பாவும் இப்படித்தான் தெரிஞ்சே இவருகிட்ட தோத்தாரு. அன்னிலேருந்து இவரு வீட்டுல நான் எதுலயும் ஜெயிச்சதில்லை. என் மருமகளாவது ஜெயிச்ச வீட்டுலேருந்து வரட்டும்.”