இஞ்சி நுழையாத வீடு

மரவள்ளிக் கிழங்கின் கடைசித் துண்டை விழுங்கிய கையோடு, கஜந்தினி இஞ்சித் தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தாள்.

குசினி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா மகாதேவிக்கு மூச்சே நின்றுவிட்டது.

மரவள்ளிக்கு மேல் இஞ்சி போனால் ஆள் முடிந்தது என்பது யாழ்ப்பாணத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதிலும் கோப்பாயில் இந்த வீட்டுக்குள் இஞ்சி நுழைந்து முப்பது வருடம் ஆகிறது. வந்தவர்கள் இஞ்சி பிஸ்கற் கொண்டுவந்தால் அது பிரிக்காமலே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். கலியாண வீட்டில் ஜிஞ்சர் பியர் நீட்டினால் மகாதேவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்று பெற்ற மகளே கைப்பைக்குள் இஞ்சியை ஒளித்துக் கொண்டுவந்து, தட்டிப்போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிறாள்.

"ஒண்டும் செய்யாது அம்மா. பேசாமல் பாத்துக்கொண்டிருங்கோ."

சொல்லத் தகுதி உள்ளவள்தான். புதிதாக உருவாக்கிய பயிரோ, மரபணுவில் கைவைத்த பயிரோ, எதுவானாலும் சனத்தின் வாய்க்குப் போகுமுன் அதில் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பது அவளுடைய வேலை. இந்தக் கிழங்கும் அப்படி வந்த ஒரு புது இனம். அரைத்து, வடித்து, எலிகளுக்குக் கொடுத்து, மாதக்கணக்காக அதோடு மல்லுக்கட்டி, போன கிழமைதான் தின்னலாம் என்று கையெழுத்து வைத்திருந்தாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வேலியோரங்களில் தானாக நிற்கிற பழைய கசப்புச் சாதியையும் சோதித்தாள். அது சரியாக அவியாவிட்டால், ஒரு சின்னப் பிள்ளையைக் கொல்ல அந்தக் கிழங்கு மட்டுமே போதும். அன்று ஆய்வுகூடத்தில் நின்ற நிலையில் அழுதுவிட்டாள்.

தம்பி சயந்தனை நினைத்துத்தான் அழுதாள்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது, ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஈர விறகு. அரைகுறையாக அவிந்த மரவள்ளி. ஆசையோடு தின்ற நாலு வயதுப் பிள்ளை வாந்தி எடுத்தது. வயிறு ஆறட்டும் என்று அம்மா இஞ்சி அவித்த தண்ணீரைப் பருக்கினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை இல்லை.

"மரவள்ளிக்கு மேலை இஞ்சியைக் குடுத்தனியோ?" என்று சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். ஓம் என்று அம்மா சொன்னாள். அன்றிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கிழங்கு எங்கே கிடைத்தது என்று கேட்டால் மட்டும், ஆரோ தந்தது, மறந்துபோச்சு என்பாள்.

கஜந்தினிக்கு அப்போது ஏழு வயது. மழை பெய்ததைத் தவிர அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.

அம்மாவின் தலையில் இருக்கிற அந்தப் பழியை இன்றைக்கு இறக்கி வைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கிழங்கும் இந்தத் தேத்தண்ணியும்.

மழை தூறத் தொடங்கியது. கிணற்றடி வாழைகள் மெல்ல மெல்ல மங்கிப் போயின. வாய் என்னதான் வீரம் பேசினாலும் கஜந்தினி கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். படித்த படிப்பு ஒரு பக்கம் இழுக்க, கூடவே வளர்ந்த பயம் மறுபக்கம் இழுத்தது. தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடியதும் அந்தக் கனவு வந்தது. மழை நாட்களில் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வருகிற கனவு.

யாருடையதோ ஒரு வேலி. கால் புதைகிற சேறு. சிவந்த தண்டு ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறாள். அது அசையமாட்டேன் என்கிறது. இன்னும் இழுக்கிறாள். மண் மெல்ல இளகி, போனால் போகுது என்று விட்டுக்கொடுக்கிறது. கிழங்கும் அவளுமாகச் சேற்றுக்குள் விழுகிறார்கள். பக்கத்தில் யாரோ கைகொட்டிச் சிரிக்கிறார்கள். முகம் ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு. அந்தக் கனவு கண்ட காலைகளில் அவளும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே எழும்புவாள்.

கண்ணைத் திறந்தாள். தலைச்சுற்று இல்லை. வயிறு சாதுவாக இருந்தது.

"பாத்தீங்களே? இஞ்சியிலை பிழையில்லை அம்மா. உங்களிலையும் பிழையில்லை. ஆரோ தெரியாமல் பிடுங்கித் தந்த அந்தக் கசப்புக் கிழங்குதான் தம்பியைக் கொண்டுபோனது."

அம்மாவின் முகம் தெளியும் என்று காத்திருந்தாள். தெளியவில்லை. மகள் இஞ்சியைக் குடித்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் ஒன்று அந்த முகத்தில் வந்து நின்றது.

மகாதேவி எழும்பி வந்தாள். மகளின் இரண்டு கைகளையும் பிடித்து விரித்தாள். சேலைத் தலைப்பால் உள்ளங்கைகளைத் துடைத்தாள். கைகள் சுத்தமாகத்தான் இருந்தன. என்றாலும் விட்டுவிடாமல், விரல் இடுக்குகளையும் நகக்கண்களையும் திரும்பத் திரும்பத் துடைத்தாள், சேற்றில் விளையாடிவிட்டு வந்த பிள்ளையைத் துடைக்கிற மாதிரி.

"இஞ்சிதான் பிள்ளை," என்றாள். "நான் பருக்கின இஞ்சித் தண்ணிதான். கிழங்கிலை ஒரு பிழையுமில்லை."

மழைக்குள் யாரோ கைகொட்டிச் சிரித்தார்கள். இந்த முறை முகம் தெரிந்தது. நாலு வயது முகம்.

கஜந்தினி தன் கைகளைப் பார்த்தாள், அந்தச் சிவந்த தண்டைப் பிடித்து இழுத்த கைகளை. இந்த வீட்டுக்குள் முப்பது வருடமாக இஞ்சி ஏன் நுழையவில்லை என்று இப்போதுதான் விளங்கியது.

கோப்பையில் மிச்சமிருந்த தேத்தண்ணியைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினாள்.

"ஓமம்மா," என்றாள். "இஞ்சிதான்."