மூன்று பேர் தாகம்

ஐஸ் மெஷின் கடகடவென்று ஒரு சுற்றுக் கொட்டியது. குழந்தைவேலு கரண்டியோடு ஓடினார்.

"மெதுவா போங்க. அது எங்கயும் ஓடிப்போயிடாது," என்றாள் புஷ்பவள்ளி.

மலேசியாவின் குருண் ஊரில் அன்று மதியம் அடித்த வெயிலுக்கு, தாமான் குடியிருப்பில் இருந்த நாய்கள்கூட ஆளுக்கொரு காருக்கு அடியில் இடம் பிடித்துப் படுத்திருந்தன.

நாலு கட்டிகளைக் கிண்ணத்தில் போட்டு மனைவியின் முன் வைத்தார் குழந்தைவேலு. ஐந்து நட்சத்திர ஓட்டல் பணியாளர்போல இடுப்பை வளைத்து வைத்தார். அவள் சிரிக்கவில்லை. பழகிவிட்டது.

புஷ்பவள்ளியின் சிறுநீரகங்கள் வேலையை விட்டு நின்றுகொண்டதிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. அளவு மீறினால், வெளியே போக வழியில்லாமல் அது நெஞ்சில் போய்த் தேங்கும்.

ஒருமுறை தேங்கியது. ஆம்புலன்ஸில் அவள் மூச்சுக்கு இழுத்த இழுப்பை நினைத்தால் இப்போதும் குழந்தைவேலுவுக்குத்தான் மூச்சு முட்டும்.

அதனால்தான் இந்த மெஷின். ஒரு கிளாஸ் தண்ணீர் ஒரே மடக்கில் போய்விடும். சுண்டுவிரல் நுனி அளவு ஐஸ்கட்டி ஒன்று, நாக்கில் கிடந்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் போகும்.

மெஷின் வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டு புவனேசன், "அண்ணே வீட்லயே பார் தொறந்துட்டாருலா!" என்று தெருவுக்கே அறிவித்தான்.

"சாயங்காலம் வா. சோடா மட்டும் நீ வாங்கிட்டு வா," என்று பதில் கொடுத்தார் குழந்தைவேலு. புஷ்பாவுக்காக வாங்கியது என்று சொன்னால் உடனே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். அதற்குக் குடிகாரன் என்ற பேர் எவ்வளவோ தேவலாம்.

அந்தக் குடிகாரனின் நிலைமைதான் பரிதாபம். மனைவி எதிரில் தண்ணீர் குடிக்க அவருக்கு மனம் வராது. பின்கதவைத் தாண்டி, துணி துவைக்கிற மூலையில் நின்று, பள்ளிக்கூடக் கழிவறைக்குப் பின்னால் சிகரெட் பிடிக்கும் பையனைப்போலத் திருட்டுத்தனமாகக் குடிப்பார். அறுபதை எட்டப்போகிற வயதில், சொந்த வீட்டில், வெறும் தண்ணீரை.

பக்கத்து வீட்டு சம்சியா வந்த பிறகுதான் வீட்டில் கொஞ்சம் குளுமை.

போன நோன்பு மாதத்தில் வந்தாள். "வீட்ல இருந்தா அடுப்பையே பாத்துக்கிட்டு இருப்பேன் அக்கா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த மாதம் முழுக்க, மதியம் ஆனால், வாய் உலர்ந்த இரண்டு பெண்கள் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து உலகத்தையே அலசினார்கள். அந்த மாதம்தான் புஷ்பவள்ளி ஒருநாள்கூட அளவு மீறவில்லை. டயாலிசிஸ் தாதி எடை பார்த்துவிட்டுக் கை கொடுத்தாள்.

"தாகம் தனியா இருந்தாத்தாங்க கொல்லுது," என்றாள் புஷ்பவள்ளி அன்று காரில்.

பெருநாள் வந்தது, போனது. சம்சியா வருவது நிற்கவில்லை. முதல் நாள் குழந்தைவேலு டீயை நீட்ட, வேண்டாம் என்று தலையாட்டினாள். "என்ன, விட்டுப்போன நோன்பா?" என்று அவர்தான் கேட்டார். அவள் சிரித்தாள். பெண்களுக்கு அப்படிச் சில நாட்கள் விட்டுப்போகும், பிறகு வைத்து முடிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

ஆனால் இது முடிகிறதாகத் தெரியவில்லை.

"ஏம்மா, பொறந்ததுலேர்ந்து விட்டதையெல்லாம் சேத்து வச்சு முடிக்கிறியா?" என்றார் இன்று, வழக்கம்போல் வந்து உட்கார்ந்திருந்தவளிடம்.

"எனக்கு கணக்கு வராதுண்ணே," என்று எழுந்தாள் சம்சியா. "அக்கா, துணி காஞ்சிருக்கும். எடுத்துட்டு வந்துர்றேன்."

அவள் முன்வாசல் வழியாகப் போனதும் குழந்தைவேலுவுக்குத் தொண்டை அரித்தது. பெரிய மக்கில் தண்ணீரையும் ஐஸையும் நிரப்பி, வேட்டிக்குள் மறைக்காத குறையாக எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம், கொடியில் தொங்கிய கைலிகளுக்கு நடுவே, சம்சியா நின்றிருந்தாள். துணி எதையும் எடுக்கவில்லை. கையில் பெரிய பாட்டில். அண்ணாந்து, கண்ணை மூடி, மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்து முக்காட்டை நனைத்தது.

மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவரைப் பார்த்தாள்.

அவர் கையில் மக். அவள் கையில் பாட்டில்.

இழவு வீட்டில்கூட ஒரு வேடிக்கையைக் கையில் வைத்திருக்கும் குழந்தைவேலு மக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அக்காகிட்ட சொல்லிறாதீங்கண்ணே," என்றாள் அவள், ரொம்பச் சின்னக் குரலில்.

அவர் தலையாட்டினார். மக்கை அவசரமாகக் காலி செய்தார். தோளில் கிடந்த துண்டால் வாயை ஒற்றி, கண்ணையும் ஒருமுறை ஒற்றி, ஒன்றும் நடக்காத முகத்தைப் பொருத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"சம்சியாவைக் காணோமே," என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. "போய்க் கூட்டிட்டு வரவா?"

புஷ்பவள்ளி ஐஸ்கட்டியைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள். அவள் தினமும் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே சமையலறை ஜன்னல். கண்ணாடிப் பட்டைகள் பாதி திறந்திருந்தன. அவற்றின் இடுக்கில் கைலிக் கொடியும், மதிலும், துணி துவைக்கிற மூலையும் பளிச்சென்று தெரிந்தன.

"பொறுங்க. நல்லா குடிச்சிட்டு வரட்டும்," என்றாள். "உங்கள மாதிரி அவசர அவசரமா குடிச்சா பொறை ஏறிக்கும்."