முன்கதவுத் தாழ்ப்பாள்

பின்கதவு படாரென்று அடித்துக்கொண்டது. நேற்றே கரை திரும்பியிருக்க வேண்டிய கணவர் வந்துவிட்டார்! அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். அதற்குள் பின்கட்டுக் குளியலறையில் தண்ணீர் கொட்டத் தொடங்கியிருந்தது. கடலிலிருந்து வந்தால், உப்பைக் கழுவாமல் அவர் வீட்டுக்குள் நடமாட மாட்டார்.

“ஒரு போன் பண்ணக் கூடாதா? உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்!”

“முதல்ல துண்டைக் குடு. அப்புறம் நிதானமா திட்டு.”

கதவிடுக்கில் நீண்ட கையில், தூண்டில் முள் கிழித்த பழைய தழும்பு. துண்டைக் கொடுத்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அப்போது முன்கதவை யாரோ தட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்தாள். மொட்டை வெயிலில் அவர் நின்றிருந்தார். போகும்போது போட்டிருந்த அதே சட்டை. கையில் அதே தழும்பு. கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒருமுறைகூட கடலிலிருந்து முன்வாசல் வழியாக வந்ததில்லை.

“கதவைத் திற, பசிக்குது” என்றார். குரலும் அவருடையதுதான்.

கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகள், “அப்பா!” என்று துள்ளி எழுந்து ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

“பாப்பாவைப் பிடி! அது படகுலேர்ந்து என் பின்னாலயே வந்துருச்சு!”