பன்னிரண்டாவது வள்ளம்

“திரையில பன்னிரண்டு வள்ளத்துட பேர் ஈந்திச்சி தம்பி. எனக்கு வடிவாத் தெரியும்,” என்றாள் மீனவர் சங்க அறையில் பதிவைப் பார்க்கும் மர்ளியா.

ரிஃபாஸ் சன்னலால் எட்டிப் பார்த்து மூன்றாம் முறையாக எண்ணினான். கரையில் பதினொரு வள்ளங்கள்தான் கிடந்தன.

கற்பிட்டியில் அந்த மீனவர் சங்கத்துக்குக் கணினி ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் அவன்தான். சிலாபத்தில் இருந்தபடியே பார்த்துக்கொள்வான். நேரில் வருவது இது இரண்டாவது தடவை. வள்ளம் புறப்படும்போது அதிலுள்ள கருவியில் பொத்தானை அமுக்கினால் பெயர் திரையில் ஏறும். கரைக்கு வந்து அமுக்கினால்தான் இறங்கும்.

எல்லாரும் கரைக்கு வந்ததும் காலியாகும் பட்டியல்தானே என்று, வேகமாக ஓடட்டும் என்பதற்காக, அதை மட்டும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் லொக் எழுதாத அட்டவணையாக வைத்திருந்தான். பத்துப் பன்னிரண்டு வள்ளத்துக்கு அப்படி என்ன வேகமோ. விடிய மின்சாரம் போய், கணினி முதல் தடவையாக அணைந்து எழுந்ததும் அந்த அட்டவணை துப்புரவாக அழிந்துவிட்டது. உரிமையாளர் விவரம், தொலைபேசி எண் எல்லாம் பேக்கப்பில் இருந்து திரும்பின. இது மட்டும் வெறுமையாக வந்தது.

‘கடலில் எவரும் இல்லை’ என்றது திரை. மர்ளியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் நாள் முழுக்க அவளுக்குத் துணை அந்தத் திரை ஒன்றுதான்.

அழிந்த பெயரைத் திரும்பப் போட முடியுமா என்று மெல்லக் கேட்டாள். இங்கிருந்து போட முடியாது, வள்ளத்தில் இருந்து அமுக்கினால்தான் ஏறும் என்றான் ரிஃபாஸ். அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வள்ளம் வந்து சேராத கரையில் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று அவனுக்குக் கோபம் வந்தது. அதைவிடத் தன்மேல்தான் கூடுதலாக வந்தது. தன்னுடைய அவசரப் புத்தியால் ஒரு மனுசன் நடுக்கடலில் தவிக்கிறான் என்று தன்னையே நொந்துகொண்டான்.

“பேரப் பொறகு பாப்பம் ராத்தா. முதல்ல ஆளத் தேடணும். யார்ட வள்ளம்?”

“ஹாசிம்ட.” திரையைப் பார்த்தபடியே, “என்ட புருஷன்,” என்றாள்.

ரிஃபாஸ் உடனே தொலைபேசியை எடுத்தான். கடற்படையின் எண்ணைத் தேடி அழுத்தினான். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள், வள்ளம் புறப்பட்ட நேரத்தைக் கேட்டார்கள். அவன் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான்.

“எத்தின மணிக்குப் போனவர் ராத்தா?”

“சுபஹுத் தொழுதுட்டுப் போனவர்,” என்றாள் மர்ளியா. “போன வருசம், நோன்புக்கு முந்தின கிழமை.”